ஆளா வேண்டாம், லக்கேஜாப் போறேன்

என் வீட்டு எஜமானிக்கு,

போகக்கூடாதுன்னு சொல்ல நீ யாரு? ஹோண்டுராஸ் போற ஊழியக் குழுவுக்கு டிக்கெட் போடுற டார்லீனைக் கூப்பிட்டு, "அவர் பேர எடுத்துடும்மா"ன்னு நீ சொன்னத, சர்ச் வாசல்ல அவளே போட்டு உடைச்சுட்டா. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு தோட்டத்துக்குப் போயிட்ட. அதான் எழுதுறேன்.

நம்ம சர்ச் வழக்கம் உனக்குத் தெரியாதா? ஆளுக்கு ரெண்டு பெட்டி விமானத்துல ஏத்தலாம். நம்ம துணி முதுகுப் பையில, பெட்டி ரெண்டும் அந்த ஊர்க்காரங்களுக்கு. நான் போகலைன்னா என் பெட்டியில போக வேண்டிய நானூறு படிக்கிற கண்ணாடி இங்க கென்டக்கியிலயே உக்காந்திருக்கும். போன வருஷம் அந்த ஊர்த் தையல்காரர் எலியோதோரோ வரிசையில கடைசி. அவர் வர்றதுக்குள்ள கண்ணாடி தீர்ந்துபோச்சு. அடுத்த வருஷம் நானே கொண்டாறேன்னு கையப் புடிச்சுச் சொல்லியிருக்கேன்.

டாக்டர் என் நெஞ்சுல என்னமோ குழாய் வெச்சாரு, சரி. என்னை ஆளாச் சேர்க்க வேண்டாம், லக்கேஜாச் சேர்த்துக்கச் சொல்லு. ஹூஸ்டன்ல விமானம் மாற ஒரு மணி நேரம்தான். சக்கர நாற்காலியில கிழவன் ஒருத்தன் இருந்தா ஏர்போர்ட்காரன் நம்ம மொத்தக் கூட்டத்தையும் முன்னால விடுவான்.

இப்ப எதுக்கு என் தோள் வழியா எட்டிப் படிக்கிற? "கோழி கிளறுன மாதிரி எழுத்து"ங்கற. நல்லாப் படி. நீ தூங்காம என் மூச்ச எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கிறது எனக்குத் தெரியாதா? அதுக்காக நான்...

எங்கடி போற, இன்னும் முடிக்கலையே. போன்ல யாரு?

"டார்லீன், அவர் பேரத் திரும்பச் சேரு. பக்கத்து சீட்டு எனக்குக் காலியா இருக்கான்னு பாரு."

என் சம்மதத்த யாரு கேட்டா?

இப்படிக்கு,
உன் முரட்டுக் கிழவன்