அப்பச்சியின் திரையில் உன் அழைப்புக்குறி

அன்பு மகன் ரமணனுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. தண்டாயுதபாணி கிருபையில் நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன். போனில் சொன்னால் சரி ஆத்தா, சரி ஆத்தா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், உன் தங்கை சௌந்தர்யா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். இங்கே கூலாயில் தினமும் இடிமழை, எனக்கு முழங்கால் வலி, அவளுக்குச் சிங்கப்பூர் வேலையைவிட எல்லைப் பாலத்து நெரிசலில்தான் பாதி உயிர் போகிறது. எல்லாரும் களைத்துப்போய்க் கிடக்கிறோம் ராசா.

உன் அப்பச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை. பின்லாந்துக் குடியுரிமைக்காக நீ மலேசியக் குடியுரிமையை விட்டபோது, இனி நீ இந்த வீட்டுக்கு விருந்தாளிதான் என்று அவர் போனில் சொன்னது தப்புத்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அதோடு உங்கள் இருவருக்கும் போன் பேச்சு நின்றது. ஆனால் ஞாயிறு சாயங்காலம், நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழைய லேப்டாப்பைத் தன் ஹாம் ரேடியோவோடு மாட்டி உட்கார்ந்தால், ரேடியோக்காரர்களுக்குள் உன் பெயரான அந்த அழைப்புக்குறி திரையில் வரும், நீ ஒரு மைனஸ் எண் அனுப்புவாய், அவர் ஒன்று அனுப்புவார், கடைசியில் எழுபத்துமூன்று என்று ஒன்று, ரேடியோக்காரர்கள் வாழ்த்துச் சொல்லி விடைபெறும் எண்ணாம், அவ்வளவுதான். அந்த மைனஸ் எண், சிக்னல் எவ்வளவு மெலிசாக வருகிறது என்கிற கணக்காம். அப்பனும் மகனும் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு ஆத்திரமாக வரும், ஆனாலும் அன்றைக்கு அவர் இன்னொரு தோசை கேட்பார்.

போன மாதம் இடி விழுந்து இன்டர்நெட் பெட்டி எரிந்துபோனது. லேப்டாப்பின் நேரமும் கண்டபடி ஓடிவிட்டது. இவர், அது இன்டர்நெட்டிலிருந்து தானாக நேரம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்திருக்கிறார். பாலத்து நெரிசலுக்கு முந்திக் கிளம்ப வேண்டுமென்று அந்தக் கடிகாரத்தை நாம் முன்னால் தள்ளி வைத்திருப்பது உனக்குத் தெரியும். நிமிடத்தைக் கழித்தவர் வினாடியைப் பார்க்கவில்லை. லேப்டாப்பில் ஓடுகிற அந்த ரேடியோ புரோகிராமுக்கு இரண்டு மூன்று வினாடி பிசகினாலே போதுமாம், வருகிற சிக்னல் எதையும் எழுத்தாக்காதாம். புதுப் பெட்டி வந்த பிறகும் அதைத் திரும்பச் சரிசெய்ய இவருக்குத் தோன்றவில்லை. திரையில சிக்னல் கோடு கோடா வருது, ஆளுங்க இருக்காங்க, எனக்குத்தான் யாரும் பதில் சொல்லல, அவனும் விட்டுட்டான் என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

மூவாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் இவருடைய ரேடியோ சிநேகிதர் ஜஹாங்கீர் வந்து பார்த்துவிட்டு, அண்ணே, உங்க நேரம்தான் தப்பு லா, அவங்க எல்லாம் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க என்று சிரித்தார். கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி தட்டினார், கொஞ்ச நேரத்தில் ஜப்பான், இத்தாலி என்று வரிசையாக வந்துவிட்டது. நீ கூப்பிட்டிருந்தாலும் இவருக்குத் தெரிந்திருக்காது, இவர் கூப்பிட்டதும் உனக்கு எழுத்தாக வந்திருக்காது. அப்பச்சி வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றுதானே நினைத்தாய்? அவரும் உன்னை அப்படித்தான் நினைத்தார்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் மனுஷர் அழைப்புப் பொத்தானைத் தொடுவதில்லை, அவனே கூப்பிடட்டும் என்று சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீயும் அங்கே அதையேதான் செய்துகொண்டிருப்பாய், அவர் பெற்ற பிள்ளைதானே. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருந்தால் கூப்பிடுவது யார்? லைசென்ஸ் இல்லாமல் நான் தொட்டால் குற்றமாம், இல்லாவிட்டால் நானே அழுத்தியிருப்பேன். எனக்கு இந்த வீட்டில் இரண்டு பேர் மௌனத்தையும் சேர்த்துச் சுமக்கத் தெம்பில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தலை நனைந்தால் துவட்டு. முருகன் உன்னைக் கைவிடமாட்டான். மறக்காதே, இந்த ஞாயிறு நீ முதலில் கூப்பிடு. மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், அவர் உனக்கு எவ்வளவு மெலிசாகக் கேட்கிறார் என்று அந்த எண்ணை மட்டும் அனுப்பு. கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

ஆசிகளுடன்,
உன் ஆத்தா
சொர்ணம்