மாலை வாங்கிய தம்பி

மார்பா,
விக்ரம சம்வத் 2055 கார்த்திக் 6

என் உயிர்த்தோழி, மிதினி பவித்ராவுக்கு,

முழங்காலைத் தவிர நான் நலம். முழங்காலைப் பற்றி விரித்தெழுதினால் பதிலுக்கு நீ உன் பித்தப்பையைப் பற்றி எழுதுவாய் என்பதால் அதை இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் மகன் நவராஜ் தம்பிப் பொட்டுப் பண்டிகைக்கு முதல் நாளே என் விடுதிக்கு வந்துவிட்டான். வழிகாட்டுவதற்கு ஒரே ஒரு பயணிதான். லென்கா என்று செக் நாட்டுப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறாளாம். தனியாக வரும் பெண்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். கட்டிலைப் பார்க்குமுன் தாழ்ப்பாளைப் பார். கணவன் இல்லாவிட்டாலும் அடுத்த ஊரில் காத்திருப்பதாகச் சொல். நாளை எங்கே தங்குவாய் என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சொல்லாதே. நான் கல்லூரியில் பூகோளம் நடத்திய காலத்தில்கூட ஒருவரும் என் பேச்சை இத்தனை கவனமாகக் கேட்டதில்லை.

நவராஜ் குறுக்கே புகுந்தான்.

"சும்மா பயமுறுத்தாதீங்க மிதினியம்மா. நான் கூட இருக்கேன்ல?"

"நீ கூட இருக்கிறதையும் சேத்துதான்டா சொல்றேன்."

சிரித்தான். அவளுக்கு மொழிபெயர்த்தும் சொன்னான், அவளும் சிரித்தாள்.

நீ கேட்டுக்கொண்டபடி நேற்று அவனுக்குத் தம்பிப் பொட்டு வைத்தாயிற்று. கூடப் பிறந்தவள் இல்லாமல் வருடா வருடம் வெற்று நெற்றியோடு நிற்கிறான் என்று நீ புலம்பியதை அவளிடம் சொன்னேன். நானே வைக்கிறேன் என்று முன்வந்தாள். வாசற்படியில் வால்நட்டை உடைத்து, அவனைச் சுற்றி எண்ணெய் வட்டமிட்டு, ஏழு நிறப் பொட்டையும் கோணாமல் வைத்து, வாடாமல்லி மாலையைக் கழுத்தில் போட்டாள். வயதில் மூத்தவள் என்பதால் அவன் அவளை அக்கா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டான். எங்கள் நாட்டில் இது விளையாட்டில்லை, இனி இவன் உனக்குத் தம்பிதான் என்று நான் அவளுக்கு விளக்கினேன். அதற்குப் பிறகு அவள் தாழ்ப்பாளைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை, காற்று கிளம்புமுன், இருவரும் மேலே புறப்பட்டார்கள். திரும்பி வர ஒரு வாரம் ஆகும்.

உன்,
மிதினி இந்திரகுமாரி

*

காட்மாண்டு,
2055 கார்த்திக் 11

என் பிரியமான மிதினிக்கு,

விமானத்தில் வந்தவர் உன் கடிதத்தைக் கொடுத்தார். மூன்று முறை படித்தேன், அழுதேன். அழுவதை நீ கேலி செய்வாய், செய்துகொள். நாற்பது வயதில் பெற்ற பிள்ளை, இந்திரா. அவனுக்கு ஓர் அக்காள் கிடைத்தது உன் வீட்டு வாசலில் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. கல்லூரி விடுதி அறையில் சடங்காகப் பூவும் காசும் மாற்றிக்கொண்டு நாம் மிதினிகள் ஆன அன்றே உன் வீடு என் வீடாகிவிட்டதே.

நல்ல செய்தி இரண்டு. பனேபாவில் பார்த்த பெண்ணின் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். மாசி மாதம் கல்யாணம். அடுத்தது, பயண நிறுவனத்தில் அவனை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். அந்தப் பெண் அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக்கொடுத்தால் போதுமாம். நீ சொன்னால் எழுதுவாள்.

தனியாக வந்தவள் என்கிறாய். அவளுக்கு என்ன குறை, என் மகன் இருக்கிறான். நாம் இரண்டு பேரும் ராமேஸ்வரம் போனபோது நமக்கு யார் இருந்தார்கள்? உன் வாயும் என் குடையும்தான்.

கீழே வரும்போது அவனுக்குக் கேழ்வரகு ரொட்டி சுட்டுக்கொடு. இளைத்திருப்பான்.

உன்,
பவித்ரா

*

மார்பா,
2055 கார்த்திக் 15

பவித்ரா,

இதை உட்கார்ந்து படி. உன் மருமகள் வீட்டார் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்கள் போன பிறகு படி.

லென்கா நேற்று பிற்பகல், காற்று மிக மோசமாக இருந்த நேரத்தில், தனியாக என் வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் மணல். இடது கணுக்கால் வீங்கியிருந்தது. நவராஜ் எங்கே என்றேன். தெரியாது என்றாள். பிறகு நான் வைத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒரு வாரமும் அவன் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறான். திரும்பும் வழியில் தங்கிய விடுதியில் கூட்டம். "எங்களுக்கு ஒரே ரூம் போதும், இவங்க என் அக்கா" என்று அவனே வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். அவன் கழுத்தில் வாடாமல்லி மாலை இருந்ததால் வீட்டுக்காரி மறுபேச்சுப் பேசவில்லை. லென்காவும் பேசவில்லை. இரவு அவள் தூங்கிய பிறகு அவளுடைய கட்டிலுக்கு வந்து வாயைப் பொத்தியிருக்கிறான். அவள் உதைத்துத் தள்ளி, அவளுக்குத் தெரிந்த ஒரே நேபாளிச் சொல்லைக் கத்தியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த சொல்தான் அது. தம்பி, தம்பி என்று கத்தியிருக்கிறாள். அடுத்த அறையிலிருந்த வீட்டுக்காரி சுவரைத் தட்டி, "அக்காவும் தம்பியும் சண்டையக் காலையில போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம்.

இருட்டில் படியிறங்கியபோது கால் பிசகியிருக்கிறது. விடியும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு நடந்தே வந்திருக்கிறாள். வழியில் காவல் சாவடி இருந்ததே என்றேன். நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், என் மொழி ஒருவருக்கும் தெரியாது, அதனால் நிற்காமல் வந்துவிட்டேன் என்றாள்.

அதற்குமேல் எதுவும் நடக்கவில்லையே என்று நீ ஆறுதல் கொள்வாயானால், அந்த ஆறுதலை எனக்கு எழுதாதே.

புகார் கொடுக்கப் போகிறாள். மொழிபெயர்க்க என்னை வரச்சொல்லிக் கேட்கிறாள். வருவதாகச் சொல்லிவிட்டேன். கால் வீக்கம் வடிய ஒரு வாரமாகும். அந்த ஒரு வாரத்தை உனக்கும் தருகிறேன். நவராஜ் உன்னிடம்தான் வந்திருப்பான். கூட்டிக்கொண்டு வா. அவனே வந்து நடந்ததைச் சொன்னால், அவனுக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்கிறேன். வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இந்திரகுமாரி

*

காட்மாண்டு,
2055 கார்த்திக் 20

இந்திரா,

உன் கையெழுத்துதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவன் வந்துவிட்டான். கேட்டேன். "அது ஏதோ கனாக் கண்டு கத்திடுச்சும்மா, போர்வை விழுந்துச்சு, எடுத்துப் போத்திவிட்டேன், அவ்வளவுதான்" என்கிறான். சாப்பிடவில்லை. மாலையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அக்காள் என்று நெற்றியைக் கொடுத்தவன் அப்படிச் செய்வானா? அவளோ ஊர் ஊராகத் தனியாகச் சுற்றுகிறவள். அவள் வழக்கம் என்ன, பழக்கம் என்ன, உனக்குத் தெரியுமா? நாளைக்கு விமானம் ஏறிப் போய்விடுவாள். இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்கவேண்டியவர்கள் நாங்கள். பனேபாக்காரர்கள் காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும், வேலையும் போய்விடும்.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நீ அந்த அறையில் இருந்தாயா? இல்லை. அதை மட்டும் சொல். முழங்கால் வலி, வர முடியாது என்று சொன்னாலும் போதும். மொழி தெரியாதவள் தானாக அடங்கிவிடுவாள்.

இத்தனை வருடத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன்,
பவித்ரா

*

மார்பா,
2055 கார்த்திக் 25

பவித்ரா,

போய் வந்தேன். முழங்கால் வலித்தது, அதையும் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

அறையில் நான் இல்லை என்று நீ சொன்னதையும் சொன்னேன். நான் பார்த்ததை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்: எண்ணெய் வட்டம், பொட்டு, மாலை, பிறகு மணல் அப்பிய முகம், வீங்கிய கால். மற்றதை அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். மேல் ஊர் வீட்டுக்காரியையும் அழைத்திருந்தார்கள். சுவரைத் தட்டியதை அவளே ஒப்புக்கொண்டு அழுதாள்.

சாவடி மேலதிகாரி கேட்டார்: "தனியா எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்துச்சுன்னு கேளுங்கம்மா."

"தனியா வரலையே. நம்ம ஊர்க்காரன் ஒருத்தனோடதான் வந்துச்சு. தனியா வந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"தம்பின்னு பொட்டு வெச்சதும் இந்தம்மாதானே?"

"ஆமா. அதனால அவன் தப்பு கூடுதே ஒழிய குறையல. அதையும் எழுதுங்க."

எழுதினார். நவராஜின் வழிகாட்டி அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு ஆள் வரும். இந்தக் கடிதம் அதற்குமுன் வந்து சேரவேண்டும் என்று விமான நிலையத்தில் நின்று கொடுத்தனுப்புகிறேன்.

மதுரை ரயில் நிலையம் உனக்கு நினைவிருக்கிறதா? ராமேஸ்வரம் வண்டி போய்விட்டிருந்தது. ஒருவன் உடைந்த இந்தியில், வா தங்கச்சி, என் வீட்டில் அம்மா இருக்கிறாள், தங்கிப் போகலாம் என்றான். களைப்பில் நான் பெட்டியைத் தூக்கிவிட்டேன். நீதான் குடையைக் குறுக்கே நீட்டி, "எங்களுக்கு அண்ணன் ஊர்ல இருக்கான், இங்க வேண்டாம்" என்றாய். விடியும்வரை காத்திருப்பு அறையின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். நம் வழக்கம் என்ன, பழக்கம் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அந்தப் பவித்ரா மகனிடம் கேட்டிருந்தால் போர்வைக் கதையை நம்பியிருக்க மாட்டாள்.

கோபமில்லை. களைப்பாக இருக்கிறது. உலர்த்திய ஆப்பிள் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். வேண்டாமென்றால் கொண்டுவருகிறவரே தின்றுவிடட்டும்.

மிதினி இந்திரகுமாரி

*

காட்மாண்டு,
2056 கார்த்திக் 25

இந்திராவுக்கு,

ஒரு வருடமாக உன் கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இனியும் பிரிக்கப் போவதில்லை. கல்யாணம் நின்றது உனக்குத் தெரிந்திருக்கும். வழக்கு நடக்கிறது. நவராஜ் ஒரு சாமான் கடையில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறான்.

மாடி அறையை டார்ஜிலிங்கிலிருந்து நர்சிங் படிக்க வந்த பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். தனியாக இருக்கிறாள். நேற்று தம்பிப் பொட்டு. குளித்துவிட்டுத் தட்டும் மாலையுமாகக் கீழே இறங்கி வந்தாள்.

"அம்மா, எனக்கு இந்த ஊர்ல அண்ணன் தம்பி யாருமில்ல. உங்க பையனுக்கு வெக்கட்டுமா?"

"அவன் ஊர்ல இல்லம்மா," என்றேன்.

அவன் உள்ளறையில்தான் இருந்தான். அவனுடைய செருப்பு வாசலில் கிடந்தது. அந்தப் பெண் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டோடு மேலே போய்விட்டாள். உள்ளே அவனுக்கும் கேட்டிருக்கும். சாயங்காலம்வரை வெளியே வரவில்லை.

இன்று காலை அவள் வகுப்புக்குப் போன பிறகு மாடிக்குப் போய், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் உனக்கு எழுதினேன். பதில் எழுதாதே.

பவித்ரா