ஒட்டும் உறவும்

28 ஜனவரி 2025, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று போன். மேட்டுத் தெருவில் மோட்டார் ஓடவில்லை. கோயில் பக்கம் விளக்கு எரியவில்லை. யாருடைய மாட்டையோ யாரோ பிடித்துக் கட்டிவிட்டார்கள். ஒன்றியக் கவுன்சிலர் என்றால் மாட்டையும் அவிழ்த்துவிட வேண்டும் போலிருக்கிறது.

மத்தியானம் அடுத்த மாதக் கூட்டத்தின் பொருள் பட்டியல் வந்தது. பதினேழாவது பொருள்: எங்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்ப்பதில் ஒன்றியக் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன்னால் பினாயில் வாங்கியது, பின்னால் ஜீப் ரிப்பேர். நடுவில் ஒரு ஊரையே செருகி வைத்திருக்கிறார்கள்.

முந்தாநாள் கிராம சபையில் கிருஷ்ணவேணி அக்கா எழுந்து கேட்டாள். நூறு நாள் வேலையை நம்பியிருக்கிறவள். "டவுனோட சேத்துட்டா எங்க வேல இருக்குமா, இருக்காதாமா? சுத்தி வளைக்காத சொல்லு." இருக்காது என்று சொன்னேன். வீட்டு வரி ஏறும் என்பதையும் சொன்னேன். "அப்ப நீ இன்னா பண்ணுவ?" மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் கை தூக்க மாட்டேன்" என்றேன். ஊரே கேட்டது.

சாயங்காலம் கட்சியிலிருந்து போன். எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு! "உங்க வூட்டம்மாகிட்ட சொல்லி வெய்யி வெங்கடேசா, பதினேழு பாஸ் ஆவணும்." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வூட்டம்மாவே கேட்டுவிட்டாள்.

எங்கள் கட்சியில் ஆளுக்குப் பெயர் கிடையாது, பொறுப்புதான் பெயர். ஒன்றியச் செயலாளர் தினகரன் 'ஒன்றியம்'. மாவட்டச் செயலாளர் 'மாவட்டம்'. 'மாவட்டம் தூங்கிக்கினு இருக்குது' என்றால் ஜனங்களைச் சொல்லவில்லை, அவரைச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் கிளைச் செயலாளர், அதனால் 'கிளை'. நான் 'கிளையோட பொண்டாட்டி'. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயித்தது மட்டும் நான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

லண்டனிலிருந்து தம்பி குமரகுரு பேசினான். அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை, பல வருஷமாக இருக்கிறான். அவனிடம் புலம்பித் தீர்த்தேன். சிரிக்கிறான். "இதெல்லாம் இங்கயே பாத்தாச்சுக்கா."

2019-இல் நடந்ததாம். ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே போகும் விஷயத்தில் அந்த நாடே இரண்டாகப் பிளந்து கிடந்த நேரம். ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வெளியேறிவிடக் கூடாது என்று ஆளுங்கட்சி எம்.பி.க்களே இருபத்தொரு பேர் அரசாங்கத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். அன்றைக்கே அத்தனை பேரையும் நாடாளுமன்றக் கட்சியை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அதில் நிதி மந்திரியாக இருந்தவர்கள்கூட உண்டு.

"கட்டாயம் கட்சி சொல்றபடி போடணும்னா, எம்.பி.க்களுக்கு அனுப்பற நோட்டீஸ்ல அந்த வரிக்குக் கீழ மூணு கோடு போட்டு அனுப்புவாங்கக்கா" என்றான். நமக்குக் கோடெல்லாம் எதற்கு? புருஷனுக்கு ஒரு போன் போதும்.

அவர்களைத் தூக்கிய பிரதமராவது கட்சிக்கு அடங்கியவரா என்று கேட்டேன். அதுதான் வேடிக்கை. அவரும் அதற்கு முன்னால் தன் கட்சிப் பிரதமர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவராம். அவரை யாரும் தூக்கவில்லை. எனக்கு எங்கள் மாவட்டம் ஞாபகம் வந்தது. தன் ஆளுக்கு சீட் கிடைக்கவில்லை என்று ஒருமுறை கட்சி வேட்பாளருக்கு எதிராகவே சுயேச்சையை இறக்கினவர். இப்போது அவர் வாயில் எப்போதும் 'கட்டுப்பாடு'தான்.

"அந்தப் பிரதமரோட சொந்தத் தம்பியே மந்திரியா இருந்தாருக்கா. குடும்பமா நாடான்னு தவிச்சி, ரெண்டு நாள்ல ராஜினாமா பண்ணிட்டாரு."

போனை வைத்த பிறகும் அந்தத் தம்பியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாரா? அவர்களுக்கு ஏது தீபாவளி. சரி, கிறிஸ்துமஸுக்கு?

9 பிப்ரவரி, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் எங்கள் கட்சிக் கவுன்சிலர்கள் எல்லாரையும் கூப்பிட்டு மாவட்டம் பேசினார். போண்டா, காபி. "கை தூக்கறது ஒரு நிமிஷ வேலமா. ரோடு வரும், பாதாள சாக்கடை வரும்."

வராது என்று நான் சொல்லவில்லை. அது வருகிற வரைக்கும் கிருஷ்ணவேணி அக்கா எதைச் சாப்பிடுவாள் என்று மட்டும் கேட்டேன். "துர்கா படிச்ச பொண்ணு, புரிஞ்சிக்குவா" என்று முடித்துக்கொண்டார். இந்தக் கட்சியில் புரிந்துகொள்வது என்றால் வாயை மூடிக்கொள்வது.

வெளியே வந்ததும் மங்கையர்க்கரசி கையைப் பிடித்தாள். பக்கத்து வார்டுக் கவுன்சிலர், என் சிநேகிதி. "நீ தூக்கலன்னா நானும் தூக்கல துர்கா. எம் புள்ள மேல சத்தியம்." அப்பாடா. ஒருத்தியாவது இருக்கிறாள்.

12 பிப்ரவரி, புதன்

வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூட இன்று அவர் சொல்லவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டுத் தறியில் வைத்துச் சண்டை.

கரையைத் தனி நிறத்தில் நெய்து உடலோடு கோர்க்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. உடலுக்கு அவர் குறுக்கிழை ஓடுகிற நாடாவைப் போட வேண்டும், அந்தப் பக்கத்துக் கரைக்கு நான் உட்கார்ந்து போட வேண்டும். எத்தனை சண்டை இருந்தாலும் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கல்யாணமானதிலிருந்து எங்கள் சண்டை எல்லாம் நாடா போய் வருகிற இடைவெளியில் நடந்தவைதான்.

"ஊரு முன்னால மைக்ல சொல்றதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார்.

"ஓட்டு உங்களுக்கா போட்டாங்க?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கொடி கட்னவன் நானு. போஸ்டர் ஒட்னவன் நானு. உன்ன நிக்க வெச்சவன் நானு. கட்சி இல்லன்னா நான் யாருடி? ரோட்ல போனா எவன் வணக்கம் வெப்பான்?"

அவர் சொன்னது பொய்யில்லை. இந்த ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பெரியாஸ்பத்திரி வரைக்கும் வண்டி பிடித்து ஓடுவது இவர்தான். கட்சி என்றால் அவருக்கு அதுதான். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. பிறகு கரையைப் போட்டேன்.

20 பிப்ரவரி, வியாழன்

முடிந்தது.

ஒன்றியம் தினகரன் கவுன்சிலர் இல்லை, கூட்டத்துக்கு உள்ளே வர முடியாது. ஜன்னலுக்கு வெளியே நின்றார், கையில் போன், வீடியோ. யார் தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று மேலே காட்ட வேண்டுமே. லண்டனில் ஓட்டுப் போட எழுந்து நடந்து போவார்களாம், ஆம் என்றால் ஒரு கூடம், இல்லை என்றால் இன்னொரு கூடம். எங்களுக்கு நடக்கிற வேலைகூட இல்லை. கையைத் தூக்கினால் ஊர் போச்சு.

பதினேழு என்று வாசித்தார்கள். கைகள் எழுந்தன. மங்கையர்க்கரசியின் கையும். ஃபேனைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஆட்சேபணை இருந்தா பதிவு பண்ணுங்கமா" என்றார்கள். எழுந்து பதிவு செய்தேன். தீர்மானம் நிறைவேறியது.

அப்புறம் ஜீப் ரிப்பேர்.

படிக்கட்டில் மங்கையர்க்கரசி கிட்டே வந்தாள். "எம் பையனுக்கு வேலைக்குச் சொல்லியிருக்குது துர்கா..." பையன் மேல் சத்தியம் செய்து, பையனுக்காகவே மீறியிருக்கிறாள். திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. படியிறங்கி வந்துவிட்டேன்.

என்ன சாதித்தேன்? ஒன்றுமில்லை. சொன்ன சொல் நின்றது. அதை வைத்து யார் வீட்டில் உலை வைப்பார்கள்?

22 பிப்ரவரி, சனி

கட்சி நாளேட்டில் வந்துவிட்டது. அவர்தான் முதலில் படித்தார், கடையில் நின்றபடி. வீட்டுக்கு வந்து பேப்பரைத் தறி மேல் வைத்துவிட்டுப் போனார்.

'கட்சிக் கட்டுப்பாட்டை மீறியும் கட்சிக்கு அவப்பெயர் ஏற்படும் வகையிலும் செயல்பட்டதால், திருமதி வெ. துர்கா கட்சியின் அடிப்படை உறுப்பினர் உள்பட அனைத்துப் பொறுப்புகளில் இருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் இவருடன் எந்தவித ஒட்டும் உறவும் வைத்துக்கொள்ளக் கூடாது.'

எத்தனையோ பேருக்கு இதே வரி வந்திருக்கிறது. படித்துவிட்டு அந்தப் பேப்பரிலேயே வடை மடித்திருக்கிறேன். அந்த 'வெ.' வெங்கடேசன் என்று எழுதியவருக்குத் தெரியுமா?

24 பிப்ரவரி, திங்கள்

என் வீட்டுக்காரர் ஒன்றியத்துக்குப் போன் போட்டு, "அப்ப வூட்ல எப்படிண்ணே?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவா, தெரியவில்லை. ஒன்றியம் விளையாட்டாகச் சொன்னாரா, அதுவும் தெரியவில்லை: "ஆர்டர்னா எல்லாருக்கும்தான்பா."

இந்த மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்! என்னோடு பேசுவதில்லை. சுவரைப் பார்த்து, "கரண்ட் பில்லு கடைசி நாளு இன்னிக்கி" என்கிறார். தெரு நாயிடம், "குளிக்கத் தண்ணி இல்ல போலக்கீது" என்கிறார். அது வாலை ஆட்டுகிறது. கடைசியில் தண்ணீர் கொண்டுவருவது யார்? ஒட்டும் உறவும் இல்லாத நான்.

27 பிப்ரவரி, வியாழன்

என் மேலேயே எனக்கு எரிச்சல். ஏன் இன்னும் அவருக்குத் துவையல் அரைத்து வைக்கிறேன்?

4 மார்ச், செவ்வாய்

சேலை கல்யாணத்துக்குப் போக வேண்டியது, நிறுத்த முடியாது. அதனால் இரண்டு பேரும் தறியில் உட்காருகிறோம். அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தறிச் சத்தம் மட்டும்.

இன்று என் பக்கத்தில் இழை அறுந்தது. அவர் பார்த்துவிட்டார். 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை, இருமினார். தூசி என்று நினைத்து நான் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனேன். திரும்பவும் இருமினார். விரல் நீளத்துக்குக் கரை கெட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் குனிந்து பிரித்தோம், தலை முட்டுகிற நெருக்கத்தில், ஊமைகளாக.

கத்தினேன். "கட்சிக்காகச் சேலையக் கெடுப்பீங்களா? நாளைக்கி நான் செத்தா கொள்ளி வெக்கிறதுக்கும் ஒன்றியத்த கேப்பீங்களா?"

சுவரைப் பார்த்தார். சுவரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

9 மார்ச், ஞாயிறு

கிருஷ்ணவேணி அக்கா பின்பக்கமாக வந்தாள். முன்வாசல் வழியாக வந்தால் யாராவது பார்த்துவிடுவார்களாம். பச்சை மொச்சை கொண்டுவந்தாள். "நீ கை தூக்கலன்னு ஊருக்கே தெரியும்மா. ஆனா வேல போய்டும்தானே?" என்றாள். ஆமாம் அக்கா என்றேன். மொச்சையை உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

11 மார்ச், செவ்வாய்

கட்சியிலிருந்து தூது வந்திருக்கிறது. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். தம்பியிடம் சொன்னேன். அந்த இருபத்தொரு பேரில் பத்துப் பேரைக் கொஞ்ச நாளில் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். மற்றவர்கள்? "சில பேரு தேர்தல்ல தனியா நின்னாங்கக்கா, தோத்துட்டாங்க." ஆறுதல் சொல்லவே தெரியாது இவனுக்கு.

எழுதிவிடலாமா? எழுதினால் வீட்டில் பேச்சு வரும். இதற்காகவே இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். 'கட்டுப்பாட்டை மீறியதற்கு வருந்துகிறேன்.' வருந்தவில்லையே. வேறு எதற்கெல்லாமோ வருந்துகிறேன், இதற்கு இல்லை.

16 மார்ச், ஞாயிறு

கிளைக் கூட்டம் எப்போதும் எங்கள் தறிக்கூடத்தில்தான். ஒன்றியம் சீக்கிரமே வந்துவிட்டார், கூட நாலைந்து பேர். நாங்கள் தறியில் இருந்தோம். முந்தானை முடிகிற இடம், பாதியில் விட முடியாது.

ஒன்றியம் ஒரு பேப்பரை நீட்டினார். கடிதத்தை அவர்களே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள், நான் கையெழுத்துப் போட்டால் போதும். அதையும் என்னிடம் நீட்டவில்லை, இவரிடம். "வெங்கடேசா, கையெழுத்து வாங்கிக் குடு. இல்லன்னா அந்தம்மாவ எழுந்து உள்ள போவச் சொல்லு. கூட்டம் நடக்கற எடத்துல இருக்கக் கூடாது. ஆர்டர் இருக்குதில்ல?"

என் வீட்டில். என் தறியில்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நாடாவை வைத்துவிட்டு எழுந்தேன். கால் மரத்திருந்தது.

"நீ எங்க எழுந்துக்கற?"

யாரிடம் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஒக்காரு துர்கா. கரையப் போடு."

உட்கார்ந்தேன். நாடா நழுவியது. "மெதுவா" என்றார். தறி ஓடியது. ஒன்றியம், "இது மேல போவும் வெங்கடேசா" என்றார். "போவட்டும்ணே. முந்தானை முடிஞ்சதும் டீ போடச் சொல்றேன், இருங்க" என்றார் இவர். யாரும் இருக்கவில்லை. அந்தப் பேப்பர் மட்டும் தரையில் கிடந்தது.

அவர்கள் போன பிறகு, "அப்ப நான் செஞ்சது சரின்றீங்களா?" என்று கேட்டேன்.

"தப்புதான். கட்சிய மீறினது தப்புதான். அதுல மாத்தம் இல்ல." நாடாவைப் போட்டுக்கொண்டே, "ஆனா தறியில இருக்கறவள எழுப்பக் கூடாது" என்றார்.

20 மார்ச், வியாழன்

ஊர் இணைப்பு உத்தரவு வந்துவிட்டது. கிருஷ்ணவேணி அக்கா முன்வாசல் வழியாகவே வந்து கேட்டுவிட்டுப் போனாள். வேறு வேலை ஏதாவது கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னாள். நாளைக்கு ஏனாத்தூர் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

நாளேட்டில் இவர் பெயரும் வந்திருக்கிறது. அதே வரி, ஒரு எழுத்து மாறவில்லை. கரை வேட்டியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடிப்போய்விட்டது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சோறு போட்டேன். இந்த வீட்டில் இப்போது கட்சிக்காரர் என்று யாரும் இல்லை. ஒரு கவளம் வாயில் வைத்தார்.

"சாம்பார்ல உப்பு இல்ல" என்றார், என்னிடம்.