நாலு பொருள் கொள்ளும் பை

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் சுகமாக இருக்கிறேன்.

நாங்கள் செய்யும் திகில் வீடியோ கேமில் பேய்களைக் கூட்டக் கூட்ட, விளையாடிப் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் உண்மையில் எதற்குத்தான் பயப்படுவார்கள் என்று அறிய ஆசையாக இருந்தது. போன கிழமை பேய்களைக் குறைத்து, விளையாடுபவரின் பைக்குள் நாலே பொருட்கள் கொள்ளும்படி மாற்றினேன். விளையாடிப் பார்க்க வந்த றெஜினா என்ற பிள்ளை, கேமுக்குள் பின்னால் எதுவுமே இல்லாத ஒரு கதவின் முன் ஐந்து நிமிடம் நின்றாள்.

“அக்கா, மருந்தை விடுறதோ, ரோச் லைற்றை விடுறதோ? திரும்பி வந்து எடுக்கேலுமோ?”

“ஏலாது,” என்றேன்.

உம்மாவிடம் சொல்லி ஒரு சின்னப் பிளாஸ்க் அனுப்புங்கள். என் ஒருத்திக்காக அடிக்கடி தேநீர் போட அலுப்பாக இருக்கிறது.

இன்னொன்று, போனில் கேட்க வாய் வரவில்லை. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது, ஒரே பையுடன் புத்தளம் வந்தீர்கள். அதற்குள் இருந்தவை எனக்குத் தெரியும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே திரும்ப வைத்தது எது, வாப்பா?

பஸ் வரும் நேரம், நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்
மர்ழியா