தெருவுக்கு ஒரே முகவரி

இன்று காலை ஃபைபர் வயரைத் துடைக்க ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். உன் கையில் எப்போதும் இருக்கும் அந்த வாசனை வந்ததும் நீ பக்கத்தில் நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேனடி. நாம் இருவரும் ஆரணியில் வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் இந்த இன்டர்நெட் கடையைத் திறந்தபோது, "பொம்பளைங்க கம்பம் ஏறுவாங்களா?" என்று சிரித்தவர்கள் எல்லாம் இன்று நம் கஸ்டமர்கள்தான்.

பாட்டிலை மூடுவதற்குள் மல்லிகா ஓடி வந்தாள். வீட்டுத் தறியில் நெய்த பட்டுப்புடவைகளை வீடியோவில் காட்டி விற்கிறாளே, அவள்தான். ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவை பார்க்கக் காத்திருக்க, அவள் வீடியோ காட்டும் இணையதளம் அவளை உள்ளேயே விடவில்லை. உங்கள் முகவரியிலிருந்து மோசடி நடக்கிறது என்று சொல்லிவிட்டது.

"நா என்னாக்கா திருட்டு வேலையா பண்ணிகினு கீறேன்?" என்று அழுதாள்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. இணையத்தில் அவள் தெரு முழுவதற்கும் நாம் கொடுத்திருப்பது ஒரே ஐ.பி. முகவரி. அந்தத் தெருவில் எவனோ செய்த மோசடிக்கு எல்லா வீட்டுக்கும் பூட்டு. வீட்டுக்கு ஒரு முகவரி வாங்க நமக்கு ஏது வசதி?

நீ கேட்காத இடமா? பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோயின என்றார்கள். இணையத்துக்கு முதலில் வந்த நாடுகள் அள்ளிக்கொண்டு போனதில் சும்மா கிடப்பதை இப்போது டாலரில் விற்கிறார்கள். புதுவகை முகவரி வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் நம் ஜனங்கள் வைத்திருக்கும் பழைய இன்டர்நெட் பெட்டிகளில் அது ஓடாது, பல தளங்களும் ஏற்பதில்லை. அன்று போனை வைத்துவிட்டு நீ கத்தினாய்: "முன்னாடி வந்தவன் காலை நீட்டி படுத்துகினான். நாம நிக்கறதுக்கு வாடகை கேக்கறான். இன்னாடி நியாயம் இது?"

நம்மால் வாங்க முடிந்தது கொஞ்சம்தான். அவை பள்ளிக்கும் பெரிய கடைகளுக்கும் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: நீ படுக்கையில் கிடந்தபடி கடை வேலையைப் பார்க்க உன் வீட்டு இணைப்பில் போட்ட முகவரி. நீ கண்ணை மூடிய பிறகும் அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடை திறந்ததும் திரையில் உன் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்று எடுத்துவிட்டேன். உன் பெயரை அழித்து மல்லிகா என்று அடித்தேன். நீயாக இருந்தால், "ஜல்தி குடுத்து வுடுடி, அழுதுகினு நிக்கறா பாரு" என்று என்னைத்தான் திட்டியிருப்பாய்.

சாயங்காலம் மல்லிகா போன் செய்தாள். தளம் திறந்துவிட்டதாம், கல்யாண வீட்டாரும் புடவையைப் பார்த்துவிட்டார்களாம். சந்தோஷமாகத்தான் இருந்தது. கடையை மூடப் போகும்போது அவளுடைய எதிர்வீட்டுக்காரி படியேறி வந்தாள். அவளும் புடவை விற்கிறவள்.

"மல்லிகாவுக்கு தனியா குடுத்துட்டீங்களாமே. எனுக்கு எப்பங்க குடுப்பீங்க?"

உன் கோபம் மட்டும்தான்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அவளுக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை.