கப்பலின் இடப்பக்கத்துத் துரு

என் மச்சானுக்கு எழுதுறது. கபுருக்குள்ள அடங்கி இருக்கிறவங்களுக்கும் ஸலாம் சொல்லணும்னு வாப்பா சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதனால முதல்ல ஸலாம்.

புருஷனை இழந்தவ வீட்டுக்குள்ளயே இருக்கிற நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிஞ்சு, போன வெள்ளிக்கிழமைதான் வாசப்படி தாண்டினேன். கீழக்கரை அப்படியேதான் இருக்கு, வெயிலுதான் கண்ணு கூசுது. நீங்க செதுக்கின கப்பல் இப்ப நம்ம வீட்டுல இல்ல. மாமி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அதைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உசுரோட இருக்கும்போதே கேட்டதுக்கு நேரா பதில் சொன்ன ஆளா நீங்க? இருந்தாலும் கேக்கிறேன்.

சண்டைக் காலத்துல போர்க்கப்பல்ல துரு சுரண்டிப் பெயிண்ட் அடிச்ச மனுஷன் நீங்க. நாடு பிரிஞ்சப்போ கப்பலுகளையும் பங்கு வச்சாங்க. உங்க கப்பல் கராச்சிக்குப் போச்சு, நீங்க ஊருக்கு வந்தீங்க. வந்தவரு சும்மா இருந்தீங்களா? பூவரசங் கட்டையில அதே கப்பலை முழ நீளத்துக்குச் செதுக்கி, பீரங்கி வச்சு, புகைபோக்கி வச்சு, சாம்பல் நிறப் பெயிண்டும் அடிச்சீங்க. அதோட விட்டிருந்தா எனக்கு இந்தக் குழப்பமே இல்ல. செங்கல்லைப் பொடிச்சு வார்னிஷ்ல குழைச்சு, நங்கூர ஓட்டைக்குக் கீழ துரு வழியிற மாதிரி இழுக்க ஆரம்பிச்சீங்க.

"சம்பளத்துக்குத் துருவைச் சுரண்டிட்டு, இப்ப சும்மா உக்காந்து துருவைப் பூசுறீங்களே, இது என்ன கூத்து?"ன்னு கேட்டேன்.

"தண்ணி பாக்காததை யாரு கப்பல்னு சொல்லுவா, புள்ள?"ன்னீங்க. அம்புட்டுதான் பேச்சு.

வலப்பக்கம் முடிஞ்சுச்சு. இடப்பக்கத்தைத் தொடுறதுக்குள்ள காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டு போயிருச்சு. ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு. பாதியில நின்னுபோனதா, இல்ல அப்படித்தான் இருக்கணும்னு நினைச்சீங்களா? அடுப்படிக்கும் அறைக்குமா நடந்து நடந்து இதையேதான் யோசிச்சேன்.

நம்மூரு வழக்கப்படி நிக்காஹ் முடிஞ்சதும் நீங்க எங்க வீட்டோட வந்துட்டீங்க. மாமி வீட்டுல உங்க சட்டை ஒண்ணுகூட இல்ல. அதனால மாமி வந்து, "எம்புள்ள கப்பலை நான் கொண்டு போறேன் மகளே. உன் இத்தா முடியட்டும். அதுக்குள்ள அந்த அழுக்கை நல்லாத் தொடைச்சு வை. எம்புள்ள கப்பலை இப்படியா வச்சிருந்திருப்பான்?"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. தொடைச்சா உங்க கைவேலை போயிரும். தொடைக்கலன்னா பெத்த மனசு நோகும். நான் எதைத்தான் செய்ய?

அப்பத்தான் உங்ககூடக் கப்பல்ல இருந்த அக்காள்மடத்துக்காரர் துக்கம் கேக்க வந்தார். இத்தாவுல இருக்கிறவ அந்நிய ஆம்பளை முன்னால வர முடியாதே. கப்பலை வாப்பா கையில குடுத்தனுப்பிட்டு, நான் திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.

"கப்பல்ல துரு இருந்துச்சான்னு கேளுங்க வாப்பா."

"எங்க கப்பல்லயா? ஒரு பொட்டுத் துரு இருந்தா அதிகாரி தோலை உரிச்சிருவாரே!"ன்னு சிரிச்சார்.

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. மாமி சொன்னதுதான் சரி, தொடைச்சிரலாம். அதுக்குள்ள கப்பலைத் திருப்பித் துரு பூசின பக்கத்தைப் பாத்தார் போல. குரலே மாறிப் போச்சு.

"இருந்துச்சுங்க"ன்னார். "ஒருக்கா கரையே காணாம ரொம்ப நாள் கிடந்தோம். திரும்பி வரையில இப்படித்தான் இருந்துச்சு. போன எல்லாரும் வரல." அழுதுட்டார். வாப்பா தேத்தண்ணியை நீட்டினாங்க.

எதை நான் நம்ப மச்சான்? அப்படி ஒண்ணு நடந்திருந்தா என்கிட்ட ஏன் சொல்லல? கோவம் கோவமா வருது. திட்டக்கூட ஆளில்லாமப் போச்சே.

தொடைக்க மனசு வரல. மீதியை நானே முடிச்சிருவோம்னு உக்காந்தேன். முதல்ல பூசினது அம்மை போட்ட மூஞ்சியாட்டம் இருந்துச்சு, நீங்க பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீங்க. அப்புறந்தான் புரிஞ்சது, தண்ணி வழியிற வழியில மேலயிருந்து கீழ ஒரே இழுப்பா இழுத்து, காயிறதுக்குள்ள கந்தல் துணியால ஒத்தணும். உப்புப் படிஞ்ச வெள்ளைக்கு வெத்தலைச் சுண்ணாம்பைக் கரைச்சேன். நல்லாத்தான் வந்துச்சு. ஆனா என் பக்கம் பளிச்சுன்னு இருந்துச்சு, உங்க பக்கம் மங்கி இருந்துச்சு. ரெண்டும் ஒத்துப் போகட்டுமேன்னு உங்க பக்கத்துலயும் இங்கன கொஞ்சம், அங்கன கொஞ்சம் தொட்டு வச்சேன்.

முடிச்சுட்டுத் தள்ளி வச்சுப் பாத்தேன். யா அல்லாஹ், அழகான கப்பல்! அப்புறந்தான் உறைச்சுச்சு. உங்க பக்கத்துல எது நீங்க பூசினது, எது நான் பூசினது? ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன். கண்டுபிடிக்க முடியல.

போன வெள்ளிக்கிழமை மாமி வந்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. அக்காள்மடத்துக்காரர் அழுத கதையை வாப்பா சொல்லியிருப்பாங்க போல. கப்பலை மடியில வச்சுக்கிட்டு, ரொம்ப மெதுவா, "இதுல எம்புள்ள கை பட்டது எது மகளே? காட்டு"ன்னாங்க.

நான் ஒரு நொடிகூட யோசிக்கல. உங்க பக்கத்துல, புகைபோக்கிக்கு அடியில இருந்த ஒரு கறையைக் காட்டினேன். மாமி அதை விரலால தொட்டாங்க, விரலை உதட்டுல வச்சு முத்தினாங்க, கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. இப்ப தினமும் விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு அந்த இடத்தைத்தான் தொட்டு முத்துறாங்களாம்.

அது உங்க கைதானா மச்சான்? இல்ல, என் கையா?

இனி அந்தக் கப்பல்ல ஒரு பொட்டுக்கூட வைக்க மாட்டேன். மாமி எப்பக் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், அதே இடத்தைத்தான் காட்டுவேன். இது நான் உங்களுக்குக் குடுக்கிற வாக்கு.

உங்க உம்மாவுக்கு இன்னும் மருமகளா இருக்கிற,
உங்க பொஞ்சாதி
ஜெய்னம்பு