எடுத்தார்கள், வளர்த்தார்களா?

மார்ச் 9, இரவு

என் தங்கை ரேவதியை ஏலத்தில் எடுத்த ஹாக்கி அணி இன்று அவள் படத்தைப் போட்டு, இளம் வீராங்கனைகளைக் கண்டெடுத்து வளர்ப்பதில் தாங்களே முதல் என்று பீற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. இரண்டு சீசனாக அவள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்தான் நீட்டினாள்.

அதே ஏலத்தில் ராயபுரம் ஜான்சியை யாரும் மதிக்காத ஒரு சின்ன அணி எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே இறக்கினார்கள். பந்தைக் கோட்டைவிட்டு எதிரணிக்குக் கோல் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த ஆட்டத்திலும் அவளையே இறக்கினார்கள். இப்போது இந்திய அணியின் பயிற்சி முகாமில் இருக்கிறாள். ரேவதி அவளுக்குச் சளைத்தவள் இல்லை.

அந்தச் சின்ன அணி ரேவதியையும் கூப்பிடுகிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். நைனா ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மாம் பெரிய டீமு உன்ன எட்த்துகீது. அத்த வுட்டுட்டு எங்க போற?"

"எட்த்து வளக்குற புள்ளைக்குகூட சோறு போடுவாங்க நைனா. இவங்க எட்த்ததோட சரி" என்றேன்.

நைனா முறைத்துவிட்டு எழுந்து போனார். ரேவதி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எனக்கு ஆடவே மறந்துட்சா?"

எண்ணூர் மைதானத்தில் நாலு பையன்களைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவள் கேட்கிறாள். வளர்க்காதது போகட்டும், இருந்ததையும் தேய்த்துவிட்டார்கள்.

"சின்ன டீமுக்கே வரேன்னு சொல்லிடு. நைனாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. விடிந்ததும் பேசத்தான் போகிறேன்.